வழிகாட்டியைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மருத்துவபீட விரிவுரையாளராக இருக்கிறேன், நீரிழிவுப் பாதப்புண் பற்றி ஆய்வு செய்கிறேன். நோயாளிகளிடம் ஆய்வு செய்வோருக்கு அமெரிக்கா வழங்கும் 'கே23' என்ற ஆய்வு நிதி விருதுக்கு விண்ணப்பித்து, வழிகாட்டி ஒருவரையும் பிடித்துத் தர முகவர் ஒருவர் மூன்று இலட்சம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கே23 அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவர்களுக்கானது. அறிவிப்பிலேயே உள்ள இதை உங்களிடம் சொல்லாதவர் வேறு எதைத்தான் சொல்லப்போகிறார்? அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஃபோகாட்டி மையம் எங்களைப் போன்ற நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கென வகுத்தது கே43. அதற்கு இங்கே ஒருவரும் அமெரிக்காவில் ஒருவருமாக வழிகாட்டிகள் வேண்டும். அழைப்பு நடப்பில் உள்ளதா என்பதை மையத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது நீங்களல்ல, உங்கள் பல்கலைக்கழகம். ஆகவே முகவருக்கு அங்கே வேலையே இல்லை. விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. பல்கலைக்கழகம், நிதி கோரும் நிறுவனங்களுக்கான அமெரிக்க அரசின் 'சாம்' பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், அதுவும் இலவசமே. ஆனால் 'பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம்' என்று அரச முத்திரை போன்ற ஒன்றைப் பொறித்து மின்னஞ்சல் அனுப்பும் கூட்டமொன்று உண்டு. அதை நம்பி ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு காசோலை எழுதும்வரை போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மதிப்பீட்டாளர்கள் ஊன்றிப் படிப்பது வழிகாட்டியின் கடிதத்தை. 'இவர் கடின உழைப்பாளி, முழு ஆதரவு தருவேன்' என்ற மூன்று வரிக் கடிதம் விண்ணப்பத்தைக் கொன்றுவிடும். எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பேசுவார், முதலாண்டில் எந்தப் புள்ளிவிவரப் பயிற்சி, முன்பு பயிற்றுவித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் கட்டுரைகளின் இறுதி ஆசிரியருக்கு (பெரும்பாலும் ஆய்வுக் குழுவின் தலைவர் அவரே), அவருடைய முடிவொன்றைக் குறித்த உண்மையான கேள்வியோடு நீங்களே எழுதுங்கள்.

கே99 விருதுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை என்பதையும் முகவர் தூண்டிலாக்குவார். அது முனைவர் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியில் இருப்பவர்கள் அமெரிக்க நிறுவனமொன்றின் வழியாகவே கோர வேண்டியது. அந்தப் பயிற்சியும் நான்கு ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காலத்தில் குழந்தை பெற்றவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. இங்கிருந்தபடி அதைக் கோர வழியே இல்லை.

பெரிய முட்டுக்கட்டை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் வேலை நேரத்தில் 75 வீதத்தை கே43 விருது ஆய்வுக்கே கேட்கிறது. விரிவுரை, விடுதிச் சுற்று, பரீட்சை மேற்பார்வை எல்லாவற்றையும் இளையவர் தலையில் கட்டிவிட்டு, 'ஆய்வு போதாது' என்று குறைசொல்லும் நிர்வாகத்திடம் அந்த நேரத்தை எழுத்தில் வாங்குவது வழிகாட்டியைத் தேடுவதைவிடக் கடினம். பீடாதிபதியின் கையொப்பத்தோடு கடமைப் பட்டியல் கையில் வந்த பின்னரே ஆய்வுத் திட்டத்தை எழுதத் தொடங்குங்கள்.