சேலம்–ஏற்காடு சைக்கிள் பயணம்: ஏற்றம் 1,100 மீட்டரா, 1,700 மீட்டரா?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு கியர் சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு மேப் தளம் மொத்த ஏற்றம் 1,100 மீட்டர் என்கிறது, இன்னொன்று 1,700 என்கிறது. போன முறை வேறு ஊருக்கு மேப்பை நம்பிப் போய் மண் பாதையில் மாட்டி, கடைசியில் ஒரு எஸ்டேட் கேட் முன்னால் நின்றோம். எதை நம்பிக் கிளம்புவது?

பதில்: 1,700-ஐ விட்டுவிடுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காட்டின் உயரம் 1,500 என்று பரவலாக எழுதியிருப்பார்கள், ஆனால் ஏரிக்கரை அதைவிடத் தாழ்வு, 1,350-ஐ ஒட்டி வரும். கழித்தால் 1,070. அடிவாரத்திலிருந்து போகும் பிரதான மலைப்பாதையில் நடுவே இறக்கம் அதிகமில்லை. எனவே உண்மையான ஏற்றம் 1,100-லிருந்து 1,200-க்குள்தான் இருக்க முடியும். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுவிடுங்கள். மொத்த ஏற்றம் இதற்குக் கீழே போகவே முடியாது. ரொம்ப மேலே போனால் காரணம் இருக்க வேண்டும்.

600 மீட்டர் எங்கிருந்து முளைத்தது? இந்தத் தளங்கள் பலவற்றுக்கும் உயரக் கணக்கின் அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த தரவுதான். அதில் நிலம் 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் கட்டங்களாக இருக்கிறது. சாலையின் அகலமோ ஏழெட்டு மீட்டர். மலைச்சரிவு 10 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்கிற இடத்தில், மேப்பில் வரைந்த கோடு சாலையை விட்டு 20 மீட்டர் விலகினால் உயரம் 10 மீட்டர் தப்பும். கொண்டை ஊசி வளைவுகளில் கோடு ஒருமுறை உள்பக்கம், ஒருமுறை வெளிப்பக்கம் என்று அலையும். அப்படி 60 தடவை அலைந்தால் 600 மீட்டர் பொய் ஏற்றம் சேர்ந்துவிடும். சில தளங்கள் இந்த நடுக்கத்தைச் சீராக்கிவிட்டுக் கூட்டும், சில அப்படியே கூட்டும். அவ்வளவுதான் வித்தியாசம். (1,700 சொன்ன தளத்தில் போய்வரும் தூரத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.)

இதே கோளாறுதான் உயர வரைபடத்தில் திடீரென்று 22 சதவீதச் சரிவு காட்டி மிரட்டுவது. பஸ் ஏறுகிற பாதையில் அது பெரும்பாலும் பொய். 50 மீட்டர் துண்டுகளைப் பார்க்காதீர்கள். 500 மீட்டர் துண்டாக எடுத்து, தொடக்க உயரத்துக்கும் முடிவு உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 5-ஆல் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். 25 மீட்டர் வித்தியாசம் என்றால் 5 சதவீதம். ஏற்காட்டு மலைப்பாதையின் சராசரி அந்தச் சுமார்தான்: 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 1,000 மீட்டர் உயரம்.

மேப் காட்டும் நேரத்தை இங்கே கண்டுகொள்ளவே வேண்டாம். மலையில் வேகத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவீர்கள் என்று அளப்பது நல்லது. அவ்வப்போது ஓட்டுகிற ஒருவருக்கு 400 மீட்டர் நியாயமான கணக்கு. அப்படியானால் மலைப்பகுதி மட்டும் இரண்டரை மணி நேரம், வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முன்னால் 34 பல் சக்கரம், பின்னால் 28 பல் சக்கரம் போட்டு மிதித்தால் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் வரும். முழங்காலுக்குக் கொஞ்சம் பாரம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். முன்னால் 50 பல் என்றால் 36 சுற்று. நின்றுகொண்டேதான் மிதிக்க வேண்டும். மூன்று பல்சக்கரம் வைத்த சாதாரண கியர் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28 கிடைத்தால் 70-ஐத் தாண்டும். இந்தப் பாதையில் விலை உயர்ந்த ரோடு பைக்கைவிட அது எவ்வளவோ மேல். தண்ணீரையும் நேரத்தை வைத்தே கணக்கிடுங்கள்: ஆளுக்கு 750 மில்லி பாட்டில் இரண்டு, அடிவாரத்தில் நிரப்பிக்கொண்டு.

அடுத்து, மண் பாதை. கூகுள் மேப்பில் இரு சக்கர வாகனம் என்ற தேர்வு மோட்டார் சைக்கிளுக்கானது. ஏற்றம், சாலையின் தரை பற்றி அதற்கு அக்கறை இல்லை. சைக்கிளுக்கு வழி வரைகிற பிரவுட்டர் வெப் தளத்தை பிரவுசரில் திறந்து வரையுங்கள். இலவசம், கணக்கு தொடங்கத் தேவையில்லை. அதில் 'ட்ரெக்கிங்' என்ற தேர்வு வாகன நெரிசலைத் தவிர்க்கப் பார்த்து உங்களைக் காட்டு வழியில் இறக்கிவிடக்கூடும். தார்ச் சாலைக்கு 'ஃபாஸ்ட்பைக்' தேர்ந்தெடுங்கள். வழி வரைந்ததும், எந்த வகைச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் பகுப்பாய்வுப் பட்டியைத் திறங்கள். அங்கே 'டிராக்' என்றிருந்தால் வண்டிப்பாதை, பெரும்பாலும் மண். 'அன்கிளாசிஃபைட்' என்பதைப் பார்த்துப் பலரும் ஏதோ தெரியாத சாலை என்று பயப்படுவார்கள். அந்தத் தளத்துக்கு அடிப்படையான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது மேப்பின் வழக்கில் அது ஊரையும் ஊரையும் இணைக்கும் சின்னச் சாலை. தரை வகை நம் பக்கத்துச் சாலைகள் பலவற்றுக்குப் பதிவே ஆகாமல் இருக்கும்.

அந்த இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தார் என்றால் கருஞ்சாம்பல், இரு ஓரமும் நேர்கோடாக இருக்கும். சிமென்ட் வெளுப்பு. மண் பாதையில் செம்மண் நிறத்தோடு, நடுவில் புல் வரிசையும் அகலம் கூடிக் குறைவதும் தெரியும். ஏற்காட்டில் மேலே போன பிறகு இந்த உபாயம் பலிக்காது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் பாதையை மூடியிருக்கும். அங்கே பல பாதைகள் எஸ்டேட்டுக்குச் சொந்தம், கேட் இருப்பது மேப்பில் பதிவாகியிருக்காது. நீங்கள் போன முறை மாட்டியது இப்படித்தான் இருக்க வேண்டும். பஸ் போகாத குறுக்கு வழி எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வரைந்த கோட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பெரிதாக்கி ஓட்டிப் பாருங்கள். நகருக்குள் நடுவில் தடுப்பு உள்ள சாலையில் ஒரு புள்ளியை எதிர்த்தடத்தில் வைத்துவிட்டால், கோடு அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வரும். முள் துருத்தியதுபோலத் தெரியும். புள்ளியை இழுத்துச் சரியான தடத்தில் விட்டால் மறைந்துவிடும்.

பிறகு வரைந்த கோட்டை ஜிபிஎக்ஸ் (வழியைச் சேமிக்கும் வகை) கோப்பாக இறக்கி நால்வரும் போனில் ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் ஆப்களில் ஒன்றில் திறந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கூகுள் லிங்க்காக அனுப்பினால் நீங்கள் வரைந்த கோடு போகாது, நிறுத்தங்கள் மட்டும்தான் போகும். ஒவ்வொரு போனும் தன் போக்கில் வழி போட்டுக்கொள்ளும்.

ஒன்று மட்டும் எந்தக் கோப்பிலும் இருக்காது: பாதை இன்று திறந்திருக்கிறதா என்பது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை பெய்த வாரமாக இருந்தால், முந்தின நாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். குப்பனூர் சுற்றிப் போகிறது என்றால் பிரதான பாதை மூடியிருக்கிறது. அந்தக் குறுகலான சாலையில் திருப்பிவிட்ட வண்டிகளோடு சேர்ந்து ஏற வேண்டாம், பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.