ரீகர்வ் (முனைகள் இலக்கை நோக்கி வளைந்த) வில்லில் நாண் ஏற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: வில்லைக் கால் இடுக்கில் கொடுத்து வளைத்தே பலர் நாண் ஏற்றுகிறார்கள். வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஸ்ட்ரிங்கர் (மிதித்து நாண் ஏற்ற உதவும் கயிறு) அவசியமா?

பதில்: அவசியம். கணுக்காலில் கீழ் முனையை மாட்டி, தொடையால் ரைசரை, அதாவது கைப்பிடியுள்ள நடுப்பகுதியைத் தள்ளி, மேல் லிம்பை, அதாவது வளையும் மேல் கையைக் கையால் வளைக்கும்போது விசை நேராகப் போவதில்லை. கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கும், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். ஓரிரு முறையில் ஒன்றும் தெரியாது. நாளாவட்டத்தில் நாண் லிம்பின் நடுக்கோட்டை விட்டு விலகத் தொடங்கும். அதைவிட மோசம், கை வழுக்கினால் லிம்ப் முனை பாய்ந்து வருவது முகத்தை நோக்கித்தான். கீழ் முனையைப் பாதத்தருகே ஊன்றி, ரைசரை ஒரு கையால் இழுத்து மேல் லிம்பை மறு கையால் தள்ளும் முறையிலும் இதே ஆபத்து உண்டு. "எனக்குப் பழகிவிட்டது" என்பவரின் வில்லை வாங்கி நாண் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்ட்ரிங்கர் வாங்கிவிட்டேன். கயிற்றின் ஒரு பக்கம் உறை, மறுபக்கம் ரப்பர் சேடில் (லிம்பின் மேல் உட்காரும் பட்டை). வரிசையாகச் சொல்ல முடியுமா?

பதில்: நாணில் ஒரு வளையம் பெரியது, மற்றது சிறியது. பெரியதை மேல் லிம்பில் நுழைத்து, ரைசர் பக்கமாக ஒரு சாண் தூரம் நகர்த்திவிடுங்கள். சிறியதைக் கீழ் முனையின் பள்ளத்தில் பொருத்துங்கள். இனி வில்லைக் கிடைமட்டமாக, நாண் தரையைப் பார்த்துத் தொங்கும்படி பிடியுங்கள். ஸ்ட்ரிங்கரின் உறையைக் கீழ் முனையில் மாட்டினால் சிறிய வளையமும் அதற்குள் அடங்கி நகராமல் இருக்கும்.

சேடில் வைக்கும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அது மேல் லிம்பின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், பெரிய வளையத்தைத் தாண்டி ரைசர் பக்கமாக உட்கார வேண்டும். வளையத்துக்கும் முனைக்கும் நடுவில் வைத்தால் வளையம் முனைக்குப் போக வழி இருக்காது. எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

கயிற்றின் நடுவில் முழுப் பாதத்தையும் பதித்து மிதியுங்கள். ஷூ போட்டிருப்பது நல்லது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். முதுகை வளைத்து வில்லின் மேல் குனிய வேண்டாம், தலை லிம்புகளின் பாதையில் இருக்கக் கூடாது. லிம்புகள் வளைந்ததும் மறு கையால் பெரிய வளையத்தை முனையின் பள்ளம் வரை தள்ளுங்கள். மெல்ல இறக்குங்கள்.

ஸ்ட்ரிங்கரை உடனே கழற்றிவிடாதீர்கள். மேல் வளையம் லிம்பின் இரு ஓரப் பள்ளங்களிலும் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். உறையைச் சற்று விலக்கி, கீழ் வளையத்தையும் அப்படியே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து மறுபக்கம் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தால், முதல் இழுப்பிலேயே நாண் கழன்று அடிக்கும். இரண்டும் சரி என்றால் ஸ்ட்ரிங்கரை எடுத்துவிட்டு, ஆளில்லாத திசையில் வில்லைப் பிடித்து நாணைக் கொஞ்சம் இழுத்து மெதுவாகத் திரும்ப விடுங்கள். அம்பு இல்லாமல் நாணைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே இறங்கி அதை உடைத்துவிடும்.

நாண் இறக்குவதும் இதே வரிசைதான், தலைகீழாக.

கேள்வி: இழுக்கும்போது சேடில் முனையை நோக்கி வழுக்குகிறது.

பதில்: லிம்பில் மெழுகு, எண்ணெய், தூசி இருந்தால் துடையுங்கள். ரப்பரை லேசாக ஈரத் துணியால் துடைத்தால் பிடிப்பு கூடும். கயிறு இறுகும்வரை மறு கையால் சேடிலை அழுத்திப் பிடித்திருங்கள். இறுகிய பிறகு தானே நிற்கும். கயிறு நீளமாக இருந்து வில்லை மார்பளவு தூக்க வேண்டியிருந்தால், முடிச்சுப் போட்டுக் குறையுங்கள். கை உயர உயரப் பலமும் குறையும், நேராகத் தூக்கவும் வராது.

கேள்வி: லிம்பை எந்தப் பக்கம் வளைப்பது என்றே குழப்பமாக இருக்கிறது.

பதில்: நாண் இல்லாத ரீகர்வ் வில்லின் முனைகள் இலக்கை நோக்கி வளைந்திருக்கும், உங்களை நோக்கி அல்ல. அந்த வளைவுக்கு எதிர்த்திசையில்தான் வளைக்க வேண்டும். பார்வைக்கு இயல்பாகத் தெரியும் பக்கம் வளைத்தால் லிம்ப் உடையும்.

கேள்வி: 68 அங்குல வில்லுக்கு எவ்வளவு நீள நாண்? பிரேஸ் ஹைட் எவ்வளவு?

பதில்: நாணின் நீளம் வில்லின் நீளத்தைவிடச் சுமார் 3 அங்குலம் குறைவாக இருக்கும்; அப்படிப் பார்த்தால் 65 அங்குலம். பிரேஸ் ஹைட் என்பது கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை உள்ள தூரம். இந்த நீள வில்லுக்குப் பொதுவாக 21.5 முதல் 22.5 செ.மீ. வில்லோடு வந்த குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேஸ் ஹைட் அதைவிடக் குறைந்தால் நாணை இறக்கி, ஒரு வளையத்தைக் கழற்றி, ஏற்கெனவே இருக்கும் முறுக்கின் திசையிலேயே சில சுற்றுகள் கூட்டுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கு பிரிந்து நாண் நீளும். புது நாண் தொடக்கத்தில் சற்று இளகும் என்பதால் முதல் சில டஜன் அம்புகளுக்குப் பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: நாண் ஏற்றிய பிறகு அது லிம்பின் ஒரு ஓரமாகப் போகிறது. லிம்ப் கெட்டுவிட்டதா?

பதில்: முடிவுக்கு வருமுன் நாணை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். பல நேரம் வளையம் சரியாக உட்காராததுதான் காரணம். கழற்றி மாட்டும் லிம்பாக இருந்தால் ரைசரில் முழுதாகப் பொருந்தியிருக்கிறதா, போல்ட் சரியா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் விலகினால் ரைசரில் பக்கவாட்டு அலைன்மென்ட் (லிம்பை நேர்ப்படுத்துதல்) தேவைப்படலாம். அல்லது லிம்ப் முறுக்கியிருக்கலாம். சூடு காட்டி நிமிர்த்த முயலாதீர்கள், அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். வில் பழுது தெரிந்தவரிடம் காட்டும்வரை எய்யாதீர்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: முழுக்க மரத்தாலான வில் என்றால் கண்டிப்பாக. ஃபைபர்கிளாஸ் அடுக்கு லிம்புகள் சில மணி நேரம் தாங்கும்; ஆனாலும் இறக்கிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்த வில்லையும் வைக்காதீர்கள். மூலையில் முனையை ஊன்றிச் சாய்த்து வைத்தாலும் கீழ் லிம்ப் முறுக்கும்.

கேள்வி: நாணில் ஒரே ஒரு இழை அறுந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. இன்றே மாற்றுங்கள். பழைய வில்லாக இருந்து முனைகள் வலுவூட்டப்படாதிருந்தால் புது நாண் டாக்ரானில் (சற்று நீளும் பாலியெஸ்டர் இழை) இருக்கட்டும். நீளாத வேக நாண்கள் அந்த முனைகளைப் பிளந்துவிடும்.