இலை அச்சு ஏன் திட்டுத் திட்டாக விழுகிறது?

கேள்வி: மகளுக்கு 4 வயது. பருவம் மாறுவதை அவள் கவனிக்கட்டும் என்று இலைகளில் வண்ணம் பூசி அச்செடுக்கிறோம். நரம்பே தெரியவில்லை, வெறும் திட்டுதான். எங்கே தவறுகிறோம்?

பதில்: பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: வண்ணத்தில் தண்ணீர் அதிகம்; பூசியது இலையின் மேல்பக்கம். நரம்புகள் புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். இலையை ஈரம் போகத் துடைத்துவிட்டு, தண்ணீர் சேர்க்காத போஸ்டர் கலரை ஸ்பாஞ்சுத் துண்டால் அடிப்பக்கத்தில் ஒற்றச் சொல்லுங்கள். தூரிகை பள்ளங்களையும் நிரப்பிவிடும். வண்ணப் பக்கம் மேலே இருக்க, தாளை மேலே வைத்து, நகர்த்தாமல் 10 எண்ணும்வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். முதல் அச்சு கலங்கலாம். மறுபடி பூசாமல் எடுக்கும் இரண்டாவதில் நரம்புகள் தெளிவாக விழும்.

சருகு நொறுங்கும். அதற்கு மெல்லிய தாளை மேலே விரித்து, உறை உரித்த மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம்.

பருவம் தெரிய ஒரே மரம் போதும். மாதம் ஒருமுறை அதன் இலையை எடுத்து, தாளின் பின்னால் தேதி குறியுங்கள். நிறத்தை நீங்கள் கலந்து கொடுக்காதீர்கள். இலையைப் பக்கத்தில் வைத்து, பச்சையில் மஞ்சளைத் துளித்துளியாக அவளே சேர்க்கட்டும். பச்சையம் சிதையும்போது இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சள்தான் வெளியே தெரிகிறது என்பதை அப்போது சொன்னால் அவளுக்கு எளிதாகப் புரியும்.