பழைய பட்டறை மேஜையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் இருந்த மோட்டார் ரிப்பேர் பட்டறையை மூடுகிறார்கள். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், 3 அங்குலத் தேக்குப் பலகை போட்ட மேஜை, அதன் மேல் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய பெஞ்ச் வைஸ். ‘மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் ஓனர். ரிட்டையரான பிறகு வீட்டு ஷெட்டில் சின்ன வேலைகள் செய்ய ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் ஐயா?
வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: நல்ல ஆசை, தாராளமாக வாங்குங்கள். அழுக்கு, துரு, பெயின்ட் உரிந்தது இதையெல்லாம் பார்த்துத் தயங்க வேண்டாம், அவை எல்லாம் போய்விடும். வைஸில் ஒரு இரும்பைப் பிடித்து அரம் போடும்போது மேஜை அசையக் கூடாது, முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு மூலையைப் பிடித்து நீளவாக்கில் பலமாகத் தள்ளுங்கள். பலகை நகர்ந்து கால் நின்ற இடத்திலேயே நின்றால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது வெல்டிங் விட்டிருக்கும். போல்ட் என்றால் முடுக்கினால் தீர்ந்தது. அப்புறம் குனிந்து ஆங்கிள் காலின் அடியைப் பாருங்கள், ஏனென்றால் பட்டறையைக் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அங்கேதான் தேங்கி நின்றிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் அரை அடி வெட்டிப் புது ஆங்கிள் வைத்து வெல்டு செய்ய வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக இரண்டு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், நடுவில் ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டால் பலகை நேராக இருக்கிறது. நடுவில் இடைவெளி விழுந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. கால் அங்குலம் வரை இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: மண்பூச்சு இருந்தால் கரையான், மாவு மாதிரித் தூள் கொட்டினால் வண்டு. தூள் புதிதாக வெளுப்பாக இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

இனி வைஸ். நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். கைப்பிடியை முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பி, தாடை நகர ஆரம்பிக்கும் முன் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். கால் சுற்று என்றால் பரவாயில்லை. முழுச் சுற்றுக்கு மேல் போனால் நட்டு தேய்ந்துவிட்டது, லேத்துப் பட்டறையில் புது நட்டு கடைந்து வாங்கலாம், ஆனால் திருகாணியும் சேர்ந்து தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். தாடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துண்டுப் பேப்பர் வைத்து இறுக்குங்கள், இரண்டும் இழுத்தால் வராமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் தாடை சாய்ந்திருக்கிறது.

விரிசல்தான் பெரிய வில்லங்கம், பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சந்தேகப்படும் இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பு என்பதால் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். நிக்கல் ராடு வைத்து நிதானமாகச் செய்கிற ஆள் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். உடம்பில் ‘ரெக்கார்டு’ என்று வார்த்திருந்தால் இங்கிலாந்து ஷெஃபீல்டில் செய்தது, ‘பார்க்கின்சன்’ என்றால் அதே நாட்டின் ஷிப்லி. இரண்டுமே பேர்போனவை, விரிசல் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

விலையை மேஜையாகப் பேசாதீர்கள். நீங்கள் சொல்லும் அளவில் பலகை 3.75 கன அடி வருகிறது, பழைய தேக்கின் கன அடி விலையை மரக்கடையில் கேளுங்கள். கால்களுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளின் கிலோ விலை. வைஸ் தனி. மூன்றையும் கூட்டி வருவதற்கு மேல் எவ்வளவு தருவது என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. பலகை மட்டுமே எழுபது கிலோ அளவுக்கு இருக்கும், அதனால் போல்ட்டைக் கழற்றித் தனித்தனியாக ஏற்றுங்கள்.

கேள்வி: அப்பா முப்பது வருடம் வேலை செய்த மேஜை எங்களிடம் இருக்கிறது. பலகை முழுக்க கிரீஸ், ஆயில், ரம்பம் பட்ட வெட்டுகள். ஆசாரி ‘இழைத்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிடும்மா’ என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகி, மதுரை

பதில்: இழைக்க விடாதீர்கள் அம்மா. அப்பாவின் கை பட்ட தடங்கள் அந்த மேல் கால் அங்குலத்தில்தான் இருக்கின்றன. அதோடு, பலகைக்குள் புதைந்திருக்கும் இரும்புச் சீவல்களும் உடைந்த ஆணிகளும் இழைப்புளியின் பிளேடைப் பல் பல்லாக்கிவிடும், ஆசாரிக்கும் நஷ்டம்.

பழைய ஆக்ஸா பிளேடை நிமிர்த்திப் பிடித்து, மர ரேகை ஓடும் திசையிலேயே கிரீஸைச் சுரண்டுங்கள். கறுப்பாகச் சுருள் சுருளாக வரும், அடியில் தேக்கின் தேன் நிறம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். நடுநடுவே ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பலகை மேல் ஓட்டினால் இரும்புத் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, மேலே மரத்தூளைக் கனமாகப் பரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பெருக்குங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் மேலாக இருக்கும் எண்ணெய் வந்துவிடும். ஆழத்தில் ஊறியது வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. இரும்பும் தேக்கும் சேர்ந்து உண்டான கருங்கறைகளையும் அப்படியே விடுங்கள்.

வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) எதுவும் வேண்டாம், சுத்தியல் பட்டால் செதில் செதிலாகப் பெயரும். காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தை அரை மணியில் துடைத்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

கேள்வி: மேஜையின் கால்களில் பழைய சாம்பல் நிறப் பெயின்ட். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உரிக்கலாமா?
வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு. மெஷினுக்கு அடித்த பெயின்ட்டைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். கிரைண்டர் அதைத் தூளாக்கி வீடு முழுக்கப் பரப்பும், சூடு காட்டினால் புகையாகும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறிய பிறகு சுரண்டி எடுங்கள், மீதிக்கு வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள், வேலை முடிகிறவரை குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பெயின்ட்டை உரிக்காமல் அதன் மேலேயே ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்தாலும் தப்பில்லை.

கேள்வி: வைஸ் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஆசிட் ஊற்றலாம் என்கிறார் நண்பர்.
வாசகர், ஈரோடு

பதில்: பாத்ரூம் ஆசிட்டின் ஆவி ஷெட்டில் இருக்கும் மற்ற டூல் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் துருவேற்றும். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து மூட்டுகளில் விட்டு, தினமும் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும். கழன்ற பிறகு கரண்ட் முறை நல்லது: பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர், அதில் இரண்டு மூன்று கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் ஒயர் வைஸுக்கு, பிளஸ் ஒயர் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். வருகிற குமிழிகளில் ஹைட்ரஜனும் உண்டு, அதனால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள், கையை விடும் முன் சார்ஜரை அணையுங்கள். எடுத்தவுடன் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி துரு பூக்கும்.

கேள்வி: மேஜையில் தொலைந்த அரை அங்குல போல்ட்டுக்குப் புதுசு வாங்கினேன், இரண்டு சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது.
வாசகர், அம்பத்தூர்

பதில்: ஸ்பேனரைப் போட்டு முறுக்காதீர்கள், மரை போய்விடும். பழைய மேஜை என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரையாக இருக்கும், அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு 12 மரை. கடையில் உங்களுக்கு யு.என்.சி. என்ற அமெரிக்க மரை கொடுத்திருப்பார்கள், அதில் 13. எம் 12 (12 மில்லிமீட்டர்) போல்ட்டும் சேராது. பழைய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் ‘பி.எஸ்.டபிள்யூ.’ என்று கேளுங்கள், விட்வொர்த் மரைக்குக் கடையில் அதுதான் பெயர். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும்.

கேள்வி: எல்லாம் தயார். வைஸை எங்கே, எந்த உயரத்தில் பொருத்துவது?
வாசகர், திருச்சி

பதில்: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், வைஸ் தாடையின் மேல் விளிம்பு அந்த முழங்கை மட்டத்தில் இருக்கட்டும். மேஜை குள்ளமாக இருந்தால் அதன் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள், இடுப்பு வலியோடு அரம் போட வேண்டாம். இடம், மேஜைக் காலுக்கு நேர் மேலே. அசையாத தாடையின் முகம் மேஜை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் நீளமான பைப்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். மர ஸ்க்ரூ வேண்டாம், பலகையைத் துளைத்துப் போல்ட் விட்டு, அடியில் கால் அங்குல இரும்புத் தகடு கொடுத்து முடுக்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை முடுக்குங்கள், மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.