சிறு விமானத்தில் பறந்து தருமபுரி, கிருஷ்ணகிரி நிலக்காட்சிகளைப் படமெடுப்பதில் அப்படி என்ன சிறப்பு?

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறினாலே ஊர் முழுவதும் தெரிகிறதே, அதற்கு நான்கு இருக்கை விமானம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மலையுச்சியிலிருந்து ஒரு கோணம்தான் கிடைக்கும். விமானம் காட்சியையே சுற்றி வரும். ஒகேனக்கல்லில் கரையில் நிற்பவருக்கு இரைச்சலும் சாரலும்தான் மிஞ்சும். மேலிருந்து பார்த்தால், அகன்று வரும் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, குறுகிய பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஒன்றுசேர்ந்து ஓடுவது ஒரே படத்தில் அடங்கிவிடும்.

காலை நேரமே ஏற்றது. சாய்ந்த வெயிலில் மாந்தோப்பின் ஒவ்வொரு மரமும் தன் நிழலோடு தனித்துத் தெரியும். வெயில் ஏறிய பின் நிழல் சுருங்கிப் படம் தட்டையாவதோடு, சூடேறிய பாறைகளிலிருந்து எழும் காற்று விமானத்தையும் குலுக்கும்.

செஸ்னா 172 போல இறக்கை மேலே அமைந்த விமானமே வசதியானது, ஏனெனில் கீழ்ப்பார்வையை இறக்கை மறைக்காது. சன்னலைத் திறக்க முடியாவிட்டால் கறுப்புச் சட்டை அணியுங்கள். வெள்ளைச் சட்டை அணிந்தால், அணைக்கட்டின் நீர்ப்பரப்புக்கு மேல் சன்னலில் பிரதிபலிக்கும் உங்கள் சட்டைதான் மிதக்கும். லென்ஸின் முன் பொருத்தும், கண்கூச்சத்தைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரைக் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் சன்னலில் அது வானவில் திட்டுகளை உண்டாக்கும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதைவிட விரைவாகவோ இருக்கட்டும். முழங்கையைச் சன்னல் சட்டத்தில் ஊன்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு அப்படியே கேமராவுக்கு வந்துவிடும்.

முக்கியமான ஒன்று: 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதி, பறக்கும் விமானத்திலிருந்து படமெடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.