மெழுகுவர்த்தியில் வாசனை எண்ணெயை எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும்? நிறைய ஊற்றியும் ஏற்றும்போது மணமே வரவில்லையே, ஏன்?

எண்ணெயின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். கோவையில் வீட்டிலிருந்தே சின்ன அளவில் மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். நான் பார்த்தவரை, மணம் வராததற்கு எண்ணெய் குறைவாக இருப்பது காரணமாக இருப்பது அபூர்வம். எண்ணெயைச் சேர்த்தபோது மெழுகு என்ன சூட்டில் இருந்தது என்பதையும், எந்தத் திரி போட்டீர்கள் என்பதையும்தான் முதலில் கேட்பேன். நீங்கள் எந்த மெழுகு என்று சொல்லவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றும் சோயா மெழுகு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சோயா மெழுகு 50 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். உருகியதுமே எண்ணெயை ஊற்றிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான். அந்த நிலையில் மெழுகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சட்டென்று இறுக ஆரம்பித்துவிடும், எண்ணெய் சரியாகக் கலந்திருக்காது. பிறகு பார்த்தால் மேலே வியர்த்த மாதிரி துளித்துளியாக நிற்கும், இல்லையென்றால் அடியில் தங்கியிருக்கும். அதனால் உருகிய பிறகும் விடாமல் 80 முதல் 85 டிகிரி வரை கொண்டுபோங்கள். இறக்கி வைத்து, உடனே எண்ணெயைச் சேர்த்து, முழுதாக இரண்டு நிமிடம் கிளறுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக்குமிழி சேரும். கரண்டி அடியையும் ஓரத்தையும் தொடும்படி மெதுவாகச் சுற்றினால் போதும். அப்புறம் 60 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு டம்ளரில் ஊற்றலாம். மெழுகு விற்றவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கலவைக்குக் கலவை மாறும்.

எண்ணெய் சேர்த்த மெழுகைத் திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான வாசனைகள்தான் முதலில் ஆவியாகும். சமையலறை முழுக்க மணந்தால், மெழுகுவர்த்தியில் இருக்க வேண்டியது காற்றில் போய்விட்டது என்று அர்த்தம்.

பாட்டிலில் ஃப்ளாஷ் பாயின்ட் என்று ஓர் எண் இருக்கும். அதற்கு மேல் சூடாக்கினால் வாசனை எரிந்து போய்விடும் என்று பலர் பயந்து, ஆறிய மெழுகில் ஊற்றுகிறார்கள். அந்த எண் மணத்தைப் பற்றியதே இல்லை. அந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவி, பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். ஆகவே எண்ணெய் ஊற்றும்போது கேஸ் அணைந்திருக்க வேண்டும்.

சூடாக்கும் முறையில் மட்டும் சமரசமே வேண்டாம். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாகத் தணலில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு சின்ன ஸ்டாண்டின் மேல் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, மெழுகும் அதைத் தாண்டாது. நேரடி நெருப்பில் அந்தத் தடை இல்லை. மெழுகு தண்ணீர் மாதிரி கொதித்து எச்சரிக்கவும் செய்யாது. சூடு ஏறிக்கொண்டே போய்ப் புகையும், பிறகு பற்றிக்கொள்ளும். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபக்கமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

எண்ணெயை ஸ்பூன் கணக்கில் ஊற்றாமல் தராசில் எடை போடுங்கள். சோயாவுக்கு எடையில் 6 முதல் 8 சதவீதம், அதாவது அரைக் கிலோ மெழுகுக்கு 30 முதல் 40 கிராம். 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலான மெழுகுகள் தாங்காது. மிச்ச எண்ணெய் திரியை அடைத்து, சுடர் சிறுத்துப் புகைய ஆரம்பிக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண பாரஃபின் மெழுகு இன்னும் குறைவாகத்தான் பிடித்து வைக்கும். உடம்பில் அடிக்கும் சென்ட் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கிறது. பன்னீரும் வேண்டாம், தண்ணீர் மெழுகோடு சேராது, திரி படபடவென்று வெடிக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் ஏற்றினால் மணம் இல்லையென்றால் திரியைப் பாருங்கள். சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகிலிருந்துதான் முக்கியமாக வாசனை எழுகிறது. அகலமான டம்ளரில் மெல்லிய திரி போட்டால் நடுவில் குழி மட்டும் விழும், ஓரத்து மெழுகும் அதிலுள்ள எண்ணெயும் அப்படியே கிடக்கும். ஏற்றி இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரத்தைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அடுத்த தடிமன் திரி போடுங்கள், எண்ணெயைக் கூட்டாதீர்கள்.

ஊற்றிய அன்றே ஏற்றிப் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும். சோயாவை மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மெழுகின் பெயர், டம்ளரின் அகலம், திரியின் எண் மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.