ப்ரோம் கவுன்: பிளவுஸ் கணக்கு இங்கே செல்லாது

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு முடிக்கிறாள். ஜூன் நடுவில் பள்ளியின் ப்ரோம் நடனம். இன்னும் ஐந்து வாரங்கள்தான் இருக்கின்றன. இணையத்தில் வாங்கிய கரும்பச்சை சாட்டின் கவுன் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அளவு சரி. மார்பில் தளர்வாக நிற்கிறது. ஆனால் முதுகு ஜிப் விலாவுக்கு மேல் ஏறவில்லை. இரண்டு விரல் இடைவெளி. வெறுங்காலில் நின்றால் 5 அங்குலம் தரையில் புரள்கிறது. மேல்பகுதியில் லேஸும் மணிவேலையும் உண்டு. எனக்குப் பிளவுஸ் தைக்கத் தெரியும். நானே பிரித்துத் தைக்கலாமா, வழக்கமாகப் பிளவுஸ் தைத்துத் தரும் அக்காவிடம் கொடுக்கலாமா? முதுகு வேறு அதிகம் திறந்திருக்கிறது.

பதில்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். விலைச்சீட்டு இன்னும் கவுனில் தொங்கினால் அதையும் அறுக்க வேண்டாம். திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது, அடுத்த சைஸ் இருப்பில் உள்ளதா, எத்தனை நாளில் வந்து சேரும் என்று இன்றே பாருங்கள். ஒரு வாரத்துக்குள் வரும் என்றால் மாற்றிக்கொள்வதே நல்லது. பெரிய கவுனைப் பிடித்துச் சிறிதாக்கும் வேலை எந்த நல்ல தையற்காரருக்கும் கைவரும். சிறியதைப் பெரிதாக்க இல்லாத துணியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் பிளவுஸ் தைத்த கை நம்மை ஏமாற்றும். நம் தையற்காரர்கள் பிளவுஸின் இரு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம், சிலர் அதற்கு மேலும், துணி விட்டு இரண்டு மூன்று வரிசை தையல் போட்டு வைப்பார்கள். கல்யாணத்துக்குத் தைத்ததைப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு வரிசை பிரித்துப் போட்டுக்கொள்கிறோம். ரெடிமேட் கவுனுக்கு அந்தத் தாராளம் கிடையாது. கவுனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, விலாப்பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் அரை அங்குலம்தான் தேறும்.

கணக்கு இது: அந்த அரை அங்குலத்தில் கால் அங்குலத்தையாவது தையலுக்கு விட்டாக வேண்டும். மீதிக் கால் அங்குலத்தைத்தான் வெளியே எடுக்கலாம். ஒரு பக்கத் தையலில் முன்துணி கால், பின்துணி கால். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவில் 1 அங்குலம் கிடைக்கும். இரண்டு விரல் இடைவெளி என்றால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். போதாது. போதும் என்றே வைத்துக்கொண்டாலும் சாட்டினில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய தையலைப் பிரித்ததும் ஊசித் துளைகள் எறும்பு வரிசை போல அப்படியே நிற்கும். பருத்தித் துணியில் நகத்தால் சுரண்டி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மறைவது போல இதில் மறையாது. சந்தேகம் இருந்தால் உள்விளிம்பில் யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் நாலு தையல் போட்டுப் பிரித்துப் பாருங்கள்.

இருந்தாலும் ஜிப்பின் மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன் ஒரு சோதனை. இடுப்புத் தையல் ஜிப்பைக் கடக்கும் இடத்தில் சாட்டின், லைனிங், நெட் எல்லாம் சேர்ந்து தடித்திருக்கும். மறைவு ஜிப்பின் இழுப்பான் அந்த இடத்தில் அடிக்கடி முரண்டு பிடிக்கும். அன்று அணியப்போகும் உள்ளாடையை மகள் போட்டுக்கொள்ளட்டும். மேலே இருக்கும் கொக்கியை முதலில் மாட்டுங்கள். ஒருவர் இரு பக்கத் துணியையும் நெருக்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாக இழுக்கட்டும். மேலே ஏறிவிட்டால் மகளை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், கைகளைத் தூக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து மூடிய ஜிப் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது பிளந்துகொள்ளும். அன்றைக்கு அவள் நாலு மணி நேரமாவது ஆட வேண்டியவள்.

ஏறவே இல்லையென்றால், அதே கவுனை வைத்துக்கொள்வதாக இருந்தால், நான் சொல்வது ஒன்றே: ஜிப்பை எடுத்துவிட்டு முதுகில் கயிறு கோத்துக் கட்டும்படி மாற்றுவது. பாவாடை நாடாவைப் போலத்தான், இறுக்கமும் தளர்வும் கட்டுபவர் கையில். திறப்பின் இரு ஓரங்களிலும் சிறு துணி வளையங்கள் வரிசையாக வைத்து, சாட்டின் கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாகக் கோப்பார்கள். உள்ளே முதுகு தெரியாமல் ஒரு மறைப்புத் துண்டு வரும். இரண்டு அங்குலக் குறையை இது எளிதாகச் சமாளிக்கும். விலாவில் தளர்த்தி மார்பில் இறுக்கிக் கட்ட முடியும் என்பதால் மார்பில் தளர்வு என்ற உங்கள் குறையும் பாதி தீர்ந்துவிடும். அதனால்தான் முதுகு முடியும் வரை மார்புப் பகுதியில் கை வைக்க வேண்டாம் என்கிறேன். முதுகைக் கட்டிய பிறகும் மேல்விளிம்பு பிரிந்து நின்றால் உள்ளே கப் வைத்துத் தைத்தோ, லேஸுக்கு அடியில் மறையும்படி சிறு டாட் (கூராகக் குறையும் மடிப்புத் தையல்) பிடித்தோ சரி செய்யலாம்.

மறைப்புத் துண்டுக்கு அதே பச்சைத் துணிக்கு எங்கே போவது? கீழே புரளும் 5 அங்குலம் இருக்கிறதே! ஆனால் கீழ்விளிம்பைக் கடைசியில்தான் முடிக்க வேண்டும்; முதுகு மாறினால் கவுன் உடம்பில் உட்காரும் உயரமும் மாறும். ஆகவே முதல் பொருத்தம் பார்க்கும்போது தேவைக்குக் குறைவாக வெட்டி, அந்தப் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டுப்போட்டு முதுகுக்கு எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தை இறுதிப் பொருத்தத்தில் நறுக்கலாம். இப்படித்தான் செய்யப்போகிறார்களா என்று தையற்காரரிடம் கேட்டு வையுங்கள். வெட்டிய துணி குப்பைக்குப் போனால் நிறம் பொருந்தும் சாட்டினைத் தேடிக் கடை கடையாக அலைய நேரும்.

இதற்கெல்லாம் முன்னால் செருப்பு. ப்ரோமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் என்னிடம் ஓடி வந்தாள். 3 அங்குலக் குதிகாலுக்கு அளந்து நான் முடித்துக் கொடுத்த கவுன். அதற்குள் தோழிகள் எல்லோரும் தட்டைச் செருப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். நீளமான கவுனை வைத்துக்கொண்டு அழுதாள், மறுபடி வெட்டினேன். நீளம் அதிகமானதால் தப்பித்தோம். தட்டைச் செருப்புக்கு அளந்து, பிறகு குதிகால் வாங்கியிருந்தால் கணுக்கால் தெரிந்திருக்கும், ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்த வாரமே செருப்பை வாங்குங்கள். பாதி இரவில் அதைக் கழற்றிவிட்டு ஆடுவாள் என்பதையும் மனத்தில் வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் கழற்றுகிறார்கள்.

உயரம் குறிக்கும்போது மகள் நேரே பார்த்து நிற்க வேண்டும். குனிந்து தன் காலைப் பார்த்தால் அளவு போயிற்று. அளப்பவர் தரையில் உட்கார்ந்து, ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் குறிக்க வேண்டும். ஆடுகிற கவுன் என்பதால் முன்பக்கம் தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். லைனிங் அதைவிட ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால் எட்டிப் பார்க்காது. குண்டூசியை, பிறகு வெட்டி எடுக்கப்போகும் பகுதியில் மட்டும் குத்துங்கள். ஊசிக்குத்தும் சாட்டினில் தழும்பாக நிற்கும்.

சேலைக்கு ஃபால்ஸ் அடித்த பழக்கத்தில் இரண்டு அங்குலம் மடித்து ஹெம்மிங் போட்டுவிடலாம் என்று தோன்றும். சேலைக்கரை நேர்க்கோடு. கவுனின் கீழ்விளிம்போ பெரிய வட்டத்தின் ஒரு பகுதி. விளிம்பின் நீளம் அதற்கு இரண்டு அங்குலம் மேலே உள்ள சுற்றளவைவிட அதிகம். அகலமாக மடித்தால் மிஞ்சும் துணி உள்ளே சுருங்கிச் சுருங்கி நிற்கும், வெளியே அலை அலையாகத் தெரியும். கால் அங்குலத்துக்குச் சின்னதாக உருட்டித் தைப்பதே வழி. ஏற்கெனவே விளிம்பில் விறைப்பான நாடா வைத்துத் தைத்திருந்தால் அதைப் பிரித்துப் புதிய விளிம்பில் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கவுன் குடை போல நிற்காமல் காலைச் சுற்றிக்கொள்ளும்.

மணிவேலை உள்ள இடத்தைப் பிரிப்பதாக இருந்தால் தையல் ஓடும் பாதையில் உள்ள மணிகளை முதலில் எடுத்துவிட வேண்டும். மெஷின் ஊசி மணியில் பட்டால் முறிந்து தெறிக்கும். பல கவுன்களில் மணிகள் சங்கிலித் தையலில் கோத்திருக்கும். ஓர் இழையை அறுத்தால் வரிசை முழுவதும் உதிரும். அறுத்த இடத்தில் உடனே முடிச்சுப் போட்டு, உதிர்ந்தவற்றை ஒரு மூடியில் சேர்த்து வைத்தால் பிறகு கையால் தைத்து, பிரித்த இடத்தை மறைக்கலாம். இஸ்திரிப் பெட்டியை மேல்பகுதியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சமிக்கி உருகி ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டி என் கடையில் இன்னும் கிடக்கிறது. உட்புறத்திலிருந்து ஆவி பிடித்தால் சுருக்கம் தானே இறங்கும்.

நீங்களே செய்யலாமா? கப் வைப்பது, கொக்கி தைப்பது, லைனிங் விளிம்பு ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். சாட்டின் விளிம்பையும் முதுகையும் கொடுத்துவிடுங்கள். பிளவுஸ் தைக்கும் அக்காவை நான் குறைத்துச் சொல்லவில்லை. உடம்புக்கு ஒட்டி நிற்க வைப்பதில் அவர்களுக்கு இணையில்லை. லைனிங் வைத்த கவுனில் முதுகுக் கயிறு வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், செய்த ஒன்றின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். படம் இருந்தால் அவரே போதும். கூலி பேசும்போது கீழ்விளிம்புக்கு எத்தனை அடுக்கு என்று சொல்லிப் பேசுங்கள். சாட்டின், நெட், லைனிங் மூன்றும் மூன்று வேலை. மே, ஜூனில் கல்யாணமும் ப்ரோமும் சேர்ந்து வருவதால் தையற்கடைகளில் இடமிருக்காது. நாளைக்கே பேசி, இந்த வாரம் முதல் பொருத்தம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது, ப்ரோமுக்கு ஒரு வாரம் முன்பு கவுன் வீட்டில் என்று நாள் குறித்து வாங்குங்கள்.

கடைசியாக, முதுகு. கேள்வியின் ஓரத்தில் அதைச் சொருகியிருக்கிறீர்கள். வீட்டில் அதுதான் பெரிய பேச்சு என்று நினைக்கிறேன். மறைப்புத் துண்டை எவ்வளவு உயரத்துக்கும் வைக்கலாம். மகளுக்குத் தெரியாமல் தையற்காரரிடம் தனியாகச் சொல்லி உயர்த்திவிட வேண்டாம். அப்படி உயர்த்தியதைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து பிரித்துப்போயிருக்கிறார்கள். துண்டின் ஒரு பக்கத்தை நிரந்தரமாகத் தைத்து, மறுபக்கத்துக்கு அழுத்துப் பட்டன் வைத்தால் போட்டுக் கழற்ற எளிது. உயரத்தை முதல் பொருத்தத்தன்று கண்ணாடி முன் மகளை நிறுத்தி, இருவருமாகப் பேசி, அவள் கையாலேயே சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள்.